கைவசம் இருப்பு: மூன்று

கௌனஸ் புறநகரில் அடுப்பு விற்கிறோம்.
பிப்ரவரி. நெமுனாஸ் ஆறு உறைந்து கிடக்கிறது.
வார்ப்பிரும்புக் கதவு, தீச்செங்கல், புகைபோக்கிக் குழாய்:
ஊரார் வீட்டுக் கணகணப்பெல்லாம்
எங்கள் வழியாகத்தான் போகிறது.
நாங்கள் மட்டும் குல்லாயும் சளியுமாய்
தட்டச்சுக்கு நடுவே விரல் ஊதிக்கொள்கிறோம்.

புது மென்பொருள் வந்திருக்கிறது.
அதற்குக் கண் கிடையாது. நடக்கத் தெரியாது.
மண்டலம், வரிசை, அடுக்கு, தட்டு, பெட்டி
என்று ஐந்து படி இறங்கி வந்து சொன்னால்தான்
ஒரு திருகாணி இருக்கிறது என்றே ஒப்புக்கொள்ளும்.

வைதோதஸிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன்.
பதினாறு வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்.
"தீக்கயிறா? கூரை ஒழுகுமே, அதற்கு இந்தப் பக்கம்."
ஏ-02-3-07.
"சாம்பல் தட்டு, ரிம்வீதஸ் வழுக்கி விழுந்தாரே, அங்கே."
பி-01-1-12.
"சின்ன வால்வெல்லாம் ரேடியோவுக்குக் கீழே."
ரேடியோ போன வருடமே போய்விட்டது என்றேன்.
"அதனால் என்ன, இடம் போகவில்லையே."
பி-03-2-01.

கனமானது கீழ்த்தட்டில். வேகமாய் விற்பது வாசல் பக்கம்.
இடக்கைக் கீலும் வலக்கைக் கீலும்
ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில்.
இரட்டைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் போட்டால்
வாத்தியார் பாடு என்னாவது, என்கிறார்.

மூன்றாம் நாள் சி வரிசை.
சி-04 திரையில் இருக்கிறது. தரையில் இல்லை.
நான்கு போல்ட் துளைகள்,
ஒன்றில் சிகரெட் துண்டு.
நீக்கு என்று அழுத்தினேன்.
இந்த இடத்தை நீக்க இயலாது.
கைவசம் இருப்பு: மூன்று.

வளைந்த கண்ணாடி, கறுப்பு விளிம்பு.
முந்தின வருட அக்டோபரில்
அடுக்கு சரிந்த அன்றே தூளானவை.
தூளைப் பெருக்கினார்கள், ரத்தத்தைக் கழுவினார்கள்,
கணக்கில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.
அன்று முதல் யாராவது அதற்குப் பணம் கட்டுவதும்
லாரி தாமதம், மன்னியுங்கள் என்று
நான் தொலைபேசியில் இழுப்பதும்.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் வைதோதஸ்.
கைவசம் இருப்பு மூன்று,
வாய்விட்டுப் படித்தார்.
இரண்டு விரல் மடித்துத் தைத்த இடது கையுறையை
முகத்துக்கு நேரே விரித்தார்.
"சரியாகத்தானே சொல்கிறது."
சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
அவர் சிரித்தார். பிறகு நானும்.

நீக்குமுன் நகர்த்த வேண்டுமாம்:
இல்லாத கண்ணாடியை, இல்லாத அடுக்கிலிருந்து,
எந்தக் கட்டடத்திலும் சேராத ஓர் இடத்துக்கு.
அந்த இடத்தை மென்பொருளே வைத்திருக்கிறது.
இழப்பு என்று பெயர்.
திறந்து பார்த்தேன். நாற்பத்தோரு குமிழ்,
இரண்டரை மீட்டர் தீக்கயிறு, ஒரு முழுக் கைவண்டி.
அங்கே கூரை ஒழுகாது.

காரணம்? என்றது.
சேதம், திருட்டு, எண்ணிக்கைப் பிழை.
"சேதம்" என்றார். கொஞ்சம் பொறுத்து,
"தளம் ஈரம், எழுது. ஓட்டுநர் தூங்கவில்லை."
குறிப்புக் கட்டத்தில் அப்படியே எழுதினேன்.
யாரும் திறந்து படிக்காத கட்டம் அது.
அவர் இரண்டு முறை படித்தார்.

இப்போது சி-03க்கு அடுத்து சி-05.
பல் விழுந்த மாதிரி இருக்கிறது என்கிறார் ரிம்வீதஸ்,
எண்ணை மாற்று, இல்லையேல் புது அடுக்கு வை.
வகை: பாதை. கொள்ளளவு: பூஜ்ஜியம்.
போட்டுச் சேமித்துவிட்டேன்.

மறுநாள் காலையும் ஃபோர்க்லிஃப்ட்
அந்த வெறும் தரையைச் சுற்றிக்கொண்டே போயிற்று.

பதினொரு மணிக்கு ஷௌலையிலிருந்து ஒரு பெண்.
வளைந்த கண்ணாடி, கறுப்பு விளிம்பு.
"இல்லை" என்றேன்.
ஒன்றுகூடவா?
"ஒன்றுகூட இல்லை."
நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.