குறிப்புக்கு ஒதுக்கிய இடம்

பயிற்சி வாரத்தின் முதல் நாள்
எங்களை நாங்களே அளந்துகொண்டோம்.
பதினோரு பேர். யாருக்கும் நாற்பது ஆகவில்லை,
யாருக்கும் நிரந்தர வேலையும் இல்லை.
மோண்டெவிதேயோ மருத்துவமனையின்
பழைய சலவைக்கூடத்தில்
தரையோடு ஒட்டிய மஞ்சள் நாடா, நான்கு மீட்டர்.
வழக்கமாக நடப்பதுபோல் நடங்கள் என்றார்கள்.
வழக்கமாக எப்படி நடப்போம் என்பது
அந்த நொடியில் பதினோரு பேருக்கும் மறந்துபோனது.

நெஞ்சின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு
நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தோம்.
பிறகு பிடிவலு.
இரும்புக் கைப்பிடியை இறுக்கினேன், இருபத்தொன்பது கிலோ.
லெயாந்த்ரோவுக்கு ஐம்பத்திரண்டு;
இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தான்.
சுவரில் ஒரு வளைகோடு விழுந்தது.
முப்பத்தைந்துக்கு அருகில் சிறு மேடு,
அப்புறம் சரிவு.
பார்க்காததுபோல் எல்லோரும் பார்த்தோம்.

தாத்தா என்று கூப்பிடாதே, பெயர் இருக்கிறது.
குரலை உயர்த்துமுன் காது கேட்கிறதா என்று கேள்.
கடைசியாக எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டுவிட்டு
திரையைப் பார்க்காதே, முகத்தைப் பார்.
உற்சாகப்படுத்தும் சொற்கள்கூட அச்சில் இருந்தன:
அழுத்துங்கள், இன்னும், இன்னும், விடுங்கள்.
ஒரு சொல் கூடினால் கிலோ மாறிவிடுமாம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், உங்கள் பத்தாண்டுத் திட்டம்.
ஒரு முழுத் தாள் கொடுத்தார்கள்.
என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.
மார்ச் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
மிச்ச இடத்தில் ஒரு படகு வரைந்தேன்.

ஆகஸ்டில், செர்ரோ குன்றடி மருந்தகத்தில்,
ஆற்றுக் காற்று கதவிடுக்கில் ஊதிக்கொண்டிருந்தபோது
தோன் அன்செல்மோ பெருத்தி வந்தார்.
எண்பத்துமூன்று வயது,
பேருந்து பிரேக்குகளோடு முப்பத்தெட்டு வருடம்.
ஆய்வின் இரண்டாம் சுற்று அவருக்கு.
போன சுற்றில் இருபத்தேழு கிலோ.
இப்போது முப்பத்தொன்று.

கருவியைத் தட்டிப் பார்த்தேன்.
மறுபடி முப்பத்தொன்று. மறுபடி, முப்பத்திரண்டு.
எங்கள் வளைகோட்டில்
அந்த வயதில் யாரும் மேலே ஏறுவதில்லை.

கோட்டுப் பையிலிருந்து பந்தொன்றை எடுத்தார்.
டென்னிஸ் பந்து, பச்சை, ரோமம் உதிர்ந்தது.
"செய்தி ஓடும்போது தினமும்.
அமைச்சர்கள் பேசினால் வலது கை,
கால்பந்து வந்தால் இடது.
போன தடவை வந்த பெண்
என் எண்ணை எழுதும்போது 'ம்' என்றாள்.
அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை."

கையேட்டைப் புரட்டினேன்.
இருமலுக்கு விதி இருந்தது, மோதிரத்துக்கு இருந்தது,
நடுவில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்றும் இருந்தது.
'ம்' பற்றி ஒன்றுமில்லை.
அளக்கப்படுகிறவர் எங்களைவிட ஒழுங்காக
மூன்று வருடம் பயிற்சி எடுத்திருந்தால்
அது எந்தப் பக்கம்?
அலுவலகத்தைக் கூப்பிட்டேன்.
எண்ணைத் தொடாதே, குறிப்பு எழுது என்றார் கிராசியேலா.
பின்னால் யாரோ காப்பி கலக்கும் சத்தம்.

"அடுத்த முறையும் நீதானா?"
அச்சிட்ட சொற்களில் தேடினேன்.
அழுத்துங்கள். இன்னும். விடுங்கள்.
மார்ச் என்று சொல்ல வாய்வரை வந்தது.
அவர் காத்திருக்கவில்லை.
"முப்பத்துமூன்று," என்றார், கோட்டை மாட்டிக்கொண்டு,
பேருந்துக்கு நேரம் சொல்வதுபோல.

அவர் போனபின் என் பேனாவைக் கவனித்தேன்,
உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தேன்.

குறிப்புக்கு ஒதுக்கிய இடம் அறுபது எழுத்து.
தட்டினேன்:
"பங்கேற்பாளர் மூன்றாண்டாகப் பந்து அழுத்திவருகிறார். காரணம்: முந்தைய அளவீட்டாளர் சொன்ன ஒற்றை எழு"

அங்கே பெட்டி நிரம்பிவிட்டது.
'எழுத்து' என்று முடிக்க இடமில்லை.
வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.
எதையும் அழிக்காமல்
சேமி என்பதை அழுத்தினேன்.