கால் சுற்று

பத்தொன்பதாம் நாள்.
ஜக்கூர் கொட்டகைக்குள்
மூக்கில்லாமல் நிற்கிறது விமானம்.
எஞ்சினை இறக்கினால் வால் தரையில் குந்திவிடும் என்று
ஹொன்னப்பா ஒரு பழைய டிரம்மை முட்டுக்கொடுத்து
அதன்மேல் சாக்கையும் மடித்துப் போட்டிருக்கிறார்,
யாரோ பெரிய மனிதர் உட்காரப்போவதுபோல.

குற்றம் என்னுடையது.
எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்தபோது
மடிப்புக்குள் ஏதோ மினுங்கியது.
உப்புக்கல்லில் பாதிகூட இல்லை.
காந்தத்தை நீட்டினேன், எழுந்து வந்தது.
யாரும் பார்க்கவில்லை.
துடைத்து மூடியிருந்தால்
இன்னும் நாற்பது மணிநேரம் பறந்திருக்கலாம்.
அல்லது நாலு.
பதிவேட்டில் ஒரே வரி எழுதினேன்:
இரும்புத் துகள். பறக்கக் கூடாது.
அன்றைக்குக் கை நடுங்கவில்லை.
நடுக்கம் பிறகு வந்தது, ஃபோன் வழியாக.

கிருஷ்ணையின் நடுத்திட்டிலிருந்து
நர்ஸ் நீலகங்கம்மா தினமும் ஆறரைக்குக் கூப்பிடுகிறாள்.
விமானம் எப்போது என்று கேட்பதில்லை.
மீதி எத்தனை என்று மட்டும் சொல்கிறாள்.
இன்சுலின் ஒன்பது, பாம்புக்கடி மருந்து இருபது.
மறுநாள்
இன்சுலின் ஏழு, பாம்புக்கடி இருபது.
அந்த இருபது அசையாத மாலைகளில்
இரண்டாவது டீ குடிக்கிறேன்.

கேம்ஷாஃப்ட் சுங்கத்தில் கிடக்கிறது.
படிவத்தில் 'பயன்பாடு' என்ற கட்டத்துக்குள்
எங்கள் ஆபீஸில் யாரோ
'மனிதாபிமானம்' என்று நிரப்பிவிட்டார்கள்.
அப்படி ஒரு வகை இல்லையாம்.
விளையாட்டு, வாடகை, விவசாயம்:
மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி ஒருவர்.
விவசாயம் என்று போட்டேன்.
பொய் என்று தோன்றவில்லை.

பதினொன்றாம் நாள் பொறுக்கமுடியாமல்
ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
ஆட்டோவில் மெஜஸ்டிக் போனேன்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் மட்டும் முக்கால் மணிநேரம்.
அதே முக்கால் மணியில்
துங்கபத்ரா எனக்குக் கீழே வந்துவிடும்.
கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்து
"மீனா?" என்றார்.
கன்னடமா தமிழா, தெரியவில்லை. தேவையுமில்லை.
ஊசிமருந்து என்றதும்
அரை டிக்கெட் கிழித்தார்.
டிரைவர் அதைத் தன் இருக்கைக்குப் பின்னால்,
எஞ்சின் சூடு படாத பக்கமாக, நகர்த்தி வைத்தார்.
நான் சொல்லவில்லை. அவராகவேதான்.

பதினாலு மணிநேரம், அப்புறம் ஒரு பரிசல்.
"வந்தது," என்றாள் நீலகங்கம்மா.
"ஐஸ் ஒரு துண்டு மிச்சம்.
திட்டில் எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள்."
நிம்மதியாகத்தான் இருந்தது.
நிம்மதிக்கு அடியில் ஒரு பொறாமை,
ஒரு சிவப்புப் பேருந்தின் மேல்.
இதை ஹொன்னப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியே தூறல் விட்டுவிட்டது.
பயிற்சிப் பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறார்கள்.
ஒருத்தன் தொப்பென்று இறக்குகிறான்.
என் முதுகெலும்பு வலிக்கிறது,
அவனுக்கு அல்ல.

"மேடம், சக்கரம்," என்கிறார் ஹொன்னப்பா.
ஒரே இடத்தில் நின்றால்
டயருக்கும் சப்பை விழுமாம்.
அவர் வாலைத் தோளில் ஏந்த
நான் இறக்கையின் தாங்குகோலில் நெஞ்சைக் கொடுத்துத் தள்ள
முனகிக்கொண்டு நகர்ந்தது,
கால் சுற்று.
டிரம்மை மறுபடி உருட்டிவந்து வைத்தோம்.
சாக்கையும் மறக்காமல்.

அரசாங்கப் பதிவேட்டில் இதற்கு இடமில்லை.
என் நோட்டில் எழுதிக்கொண்டேன்:
பறந்த நேரம் இல்லை.
போன தூரம் முக்கால் முழம்.

மணி ஆறு இருபத்தெட்டு.
உள்ளங்கையெல்லாம் டயர் கரி.
கழுவப் போகவில்லை.
ஃபோனைக் கருவிப்பெட்டியின் மேல் நிமிர்த்தி வைத்துவிட்டு
அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இருபது என்று சொல், நீலகங்கம்மா.