பதினொன்றின் வர்க்கம்

தோஹாவில் என் வேலை
ஹீலியம் ஊற்றுவது.
ராஸ் லஃபானிலிருந்து கம்பெனி லாரியில் வரும்.
நாலு கெல்வின்.
வெளியே நாற்பத்தாறு. அது செல்சியஸ்,
அதைப் பற்றி யாரும் ஆய்வுக்கட்டுரை எழுதுவதில்லை.

பாத்திரத்துக்குள் ஒரு படிகம், அதில் சில புள்ளிகள்.
விலக்கி வைத்தால் ஆளுக்கொரு நேரத்தில் மினுங்கும்.
நெருக்கிவைத்துக் குளிரவிட்டால்
எந்தப் புள்ளி கொடுத்த வெளிச்சம் என்றே
சொல்ல முடியாது என்றாள் மெஹ்ஜபீன்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
பதினொன்று கூடினால் உச்சம்
பதினொரு மடங்கில்லை, நூற்றிருபத்தொன்று.
வர்க்கம், என்றேன்.
பள்ளிக்கூடக் கணக்கில் அது ஒன்று மிச்சமிருந்தது.

ஆனால் உடனே வராது.
முதலில் ஒரு தாமதம், முழு இருட்டு.
பிறகு எங்கிருந்தோ ஒரு சிலிர்ப்பு.
எந்தப் புள்ளி ஆரம்பித்தது?
"அப்படி ஒரு புள்ளி கிடையாது."

சனையாவில் எங்கள் அறையிலும் பதினோரு பேர்.
சம்பளம் வராமல் தொண்ணூற்று நாலு நாள்.
ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை நாலரைக்கு
பஸ் வந்து கதவைத் திறந்துவைத்தது.
பல் தேய்த்துக்கொண்டிருந்த மரியசூசை
வாய் நிறைய நுரையோடு நின்றான்.
லியாகத்துக்கு ஒரு ஷூவில்தான் லேஸ் கட்டியிருந்தது.
ஏறவில்லை, அவ்வளவுதான்.
யாரும் யாரையும் பார்க்கக்கூட இல்லை.
"யாருடா முதல்ல?"
கேம்ப் பாஸ் நான்கு மொழிகளில் கேட்டார்.
உண்மையைத்தான் சொன்னோம்,
அவர் நம்பவில்லை.

வியாழன் இரவு இரண்டு பதினேழுக்கு
பதினோரு கைபேசிகளும் ஒன்றாக எரிந்தன.
சுவரில் போன வருஷக் காலண்டரின்
தேதியைக்கூடப் படிக்க முடிந்தது.
கரப்பான்கள் ஓடின.

கூடுதலாய் எதுவும் வந்துவிடாது என்பதையும்
அவள் சொல்லித்தான் இருந்தாள்.
உள்ளே இருந்ததுதான்,
ஒன்றாய் விட்டால் சீக்கிரம் தீர்ந்துபோகும்.
வெள்ளி மாலைக்குள்
பணம் அனுப்பும் கடை வரிசையில்
ஒவ்வொருவராய் அணைந்தோம்.

மேல்கட்டில் தன்ராஜ் தாமாங் மட்டும் வரவில்லை.

ஒன்றுக்கொன்று எதிராய் ஆடுகிற சில புள்ளிகள்
வெளிச்சத்தை விடவே விடாதாம்,
இருட்டுக்குள் வெகுநேரம் வைத்திருக்குமாம்.
திரும்பி வந்தபோது
கைபேசியைக் கவிழ்த்துப் போட்டுப் படுத்திருந்தான்.
விளிம்பைச் சுற்றி, மெத்தையில்,
நூல் அளவு வெள்ளை.

யாருக்கு அனுப்பப் போகிறாய் என்று
நாங்கள் கேட்கவில்லை.
பத்துப் பேரும் கேட்கவில்லை.