வில்மர் பார்க்காத பெனால்டி

மழை விட்டபாடில்லை மோன்டேவீடியோவில்.
எண்பத்தேழாவது நிமிடம், பெனால்டி.
ஆயிரம் பேர் எழுந்து நிற்க
வில்மர் மட்டும் படியிறங்கிப் போய்
கழிப்பறைச் சுவரைப் பார்த்து நிற்கிறான்.

அவன் பார்த்தால் பந்து கம்பத்தில் படும்.
மூன்று முறை பட்டிருக்கிறது.

இறைச்சிக் கிடங்கில் அவன் இரண்டு நாள் வராததை
சம்பளச் சீட்டு மட்டுந்தான் கவனித்தது.
மிர்த்தா பெட்டியைத் தூக்கியபோது
கண்ணை மூடியும் பார்த்தான், திறந்தும் பார்த்தான்.
டாக்ஸி நிற்கவில்லை.

இங்கே மட்டும்
பதினோரு பேர் பிழைப்பு
அவன் இமையில் தொங்குகிறது.

யாரோ கிறுக்கிய தொலைபேசி எண்ணைப்
பின்னிருந்து முன்னாக வாசிக்கிறான்.
பக்கத்துத் தடுப்பில் ஓர் இருமல்.
"நீயும் பார்க்கக் கூடாதவனா?"
"ஆமாம். தொண்ணூற்றொன்றிலிருந்து."

தலைக்கு மேல் கான்கிரீட் அதிர்கிறது.
கொண்டாட்டமா, ஒப்பாரியா,
முதல் நொடியில் தெரியாது.
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.