இறங்கியும் இறங்காதவர்கள்

முதல் படகு எப்போதும் சரியாகத்தான் போகும்.
ஆச்சாவோ துறையில் காலை ஏழரைக்குப்
பதினோரு பேர் ஏறினால்
திரையிலும் பதினொன்று.
பத்து மணிப் படகில் ஒன்பது பேர்;
பட்டியல் இருபது என்னும்.
ஒரு மணிக்கு முப்பத்து நான்கு.
மூன்றரைக்கு, துறைமுக அலுவலகத்தின்
கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு சார்ஜென்ட் ஓயார்சுன்:
"நோல்ஃபா! நாற்பது பேர் கொள்ளும் படகில்
நாற்பத்தேழா? கட்டிப்போடு."

மழையில் ஆடிக்கொண்டிருந்த படகில்
பதின்மூன்றே பேர்.
உருளைக்கிழங்கு மூட்டைகள், ஒரு எரிவாயு உருளை,
கூடைக்குள் ஒரு வாத்து.

ஜூலை. விறகடுப்பின் மேல் என் காலுறைகள்.
மடிக்கணினியைத் திறந்தேன்.

முட்டி மோதி விழும் பிழையை எனக்குப் பிடிக்கும்.
விழுந்த இடத்திலேயே ஊரைக் கூட்டும்.
கோப்பின் பெயர், வரியின் எண்,
அடியிலிருந்து மேலே படித்துப் போனால்
குலம் கோத்திரம் முழுக்க ஒப்பித்துவிடும்.
போன மாதம் அப்படி ஒன்று:
ஊபர்லிந்தா பெயரின் வாலில்
ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை ஸ்பேஸ்.
அந்தப் பெயரில் ஆளே இல்லை என்று
பைத்தான் சாதித்தது;
ஜன்னலுக்கு வெளியே அவள்
குடையோடு நின்றிருந்தாள்.
அதற்கு முன்னால், கண்ணுக்கு ஒன்றேபோல் தெரிந்த
டேப் ஒன்றும் ஸ்பேஸ் நான்கும்.
ஓர் இரவைத் தின்றது.
ஆனாலும் வரி எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் தின்றது.

இது வாயே திறக்காது.
சிரித்த முகத்தோடு தப்புக் கணக்கு.
ஒரே படகு ஓடும் ஞாயிறுகளில் மட்டும்
யோக்கியம்.
அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதால்
இரண்டு வாரமாக எல்லோரும்
அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார்கள்.
எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.
இன்று அணைக்க மறந்தார்கள்.

வரிக்கு ஒரு பிரிண்ட் வைத்தேன்.
திரையில் எண்கள் மொய்த்தன,
மீன் கூடையில் ஈ மொய்ப்பதுபோல்.
படகோட்டி எலியேசர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான்
(பள்ளியில் கணக்கில் மூன்று முறை தோற்றவன்),
மாத்தே குவளையை என் பக்கம் நகர்த்தினான்,
பட்டியலை எட்டிப் பார்த்தான்.
"ஊபர்லிந்தா காலையிலேயே கேனாக்கில் இறங்கிவிட்டாளே.
இந்த மான்சியா பயல் பத்து மணிப் படகு.
உன் பெட்டிக்குள் ஏறினவன் எவனும்
இறங்கவே மாட்டானா?"

அப்போதுதான் ஃபங்ஷனின் தலைவரியைப் பார்த்தேன்.
ஆயிரம் முறை பார்த்த வரி.
பயணியைக் கொடு, பட்டியலைக் கொடு;
பட்டியல் தராவிட்டால், இந்தா, காலிப் பை:
இரண்டு சதுர அடைப்புகள், நடுவே காற்று.
கூப்பிடும்போதெல்லாம்
புதுப் பை தரும் என்றிருந்தேன்.
பைத்தானோ அந்த வரியை
விடிகாலையில் ஒரே ஒரு தரம் படித்து
ஒரே ஒரு பையைத் தைத்து
நாள் முழுக்க அதையே நீட்டியிருக்கிறது.
பையின் அடையாள எண்ணைக் கேட்டேன்.
நான்கு படகுக்கும் ஒரே எண்.
காலி என்று எழுதியது நான்தான்.
காலி செய்யச் சொல்லி
எங்கேயும் எழுதவில்லை.

பை இருந்த இடத்தில்
ஒன்றுமில்லை என்று மாற்றினேன்.
காலிப் பை வேறு, ஒன்றுமில்லை வேறு.
உள்ளே வந்தபின்
ஒன்றுமில்லை என்றால் புதிதாய் ஒன்று தை.
இரண்டு வரி.

நாலே முக்காலுக்குத் திரை பதின்மூன்று என்றது.
ஓயார்சுன் படகின் முன்னால் நின்று
விரல் நீட்டி எண்ணினார்: பதினான்கு.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.
பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கினேனா?
கடைசி ஆளை ரேஞ்ச் விழுங்கிவிட்டதா?
மறுபடி எண்ணினார்.
பதினான்கு.
கயிற்றை அவிழ்த்தபடி எலியேசர் கத்தினான்:
"நான்! அது நான்!
என்னை என்றைக்கு நீ பட்டியலில் சேர்த்தாய்?"

படகு மழைக்குள் போய்ச் சிறிதானது.
வாத்து எந்தக் கணக்கிலும் வரவில்லை.
அறைக்குத் திரும்பினால்
காலுறைகளில் ஒன்று கருகியிருந்தது.
எந்த நிமிடத்தில், எந்த விறகில் என்று
அடுப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை.