ஏழாவது படி

அறிக்கைப் படிவத்தில் நான்தான் எழுதினேன்:
"ரோஷிகா. வயது நான்கு. ஏழு தெரியாது."
நீல மை. கீழே என் கையொப்பம்.
முன்பள்ளித் தகரத்தில் மழை
ஓயாமல் அடித்த ஆடி மாதம்.

சோடா மூடிகளைப் பாயில் பரப்பி
ஒவ்வொன்றாய் நகர்த்துவாள்.
ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு, அஞ்சு, ஆறு.
அங்கே நிறுத்தி
ஒரு மூச்சு இழுத்து
உட்கார்ந்தபடியே சின்னதாய் ஒரு துள்ளல்.
"எட்டு."

"ஏழு எங்க போச்சு ரோஷிகா?"
மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.
அவளும் சிரிப்பாள்,
கேள்வி வேறு யாருக்கோ என்பது போல.

கிழமைக்கு எத்தனை நாள் என்று
விரல் மடக்கிக் காட்டினேன்.
மெழுகுப் பென்சிலால் ஏழு எழுதச் சொன்னேன்.
அழகாக எழுதினாள்.
"மம்பட்டி மாதிரி இருக்கு" என்றாள்.
எண்ணச் சொன்னால் மறுபடி துள்ளல்.
ஆறு வாரம் இப்படி.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அம்மா தவமலர்
நிறுவை முடிந்து
படங்கை அவிழ்க்காமல் வந்தாள்.
பயிற்சியில் சொல்லித் தந்த பெரிய வார்த்தைகளை
எடுத்து வைத்தேன்:
"கற்றலுக்கு உகந்த வீட்டுச் சூழல்."
விரல்களின் கொழுந்துக் கறையைப் பார்த்தபடி சொன்னாள்:
"நமக்குத் தெரிஞ்சது எண்ணுறது மட்டுந்தான் டீச்சர்.
காலையில எறங்கி வாறப்ப
எண்ணிக்கிட்டுத்தான் வாறோம்."
நான் தலையாட்டினேன்.
காதில் வாங்கவில்லை.

வீடு பார்க்கும் முறை வந்தது.
காலை ஆறரை. பெரட்டுக்கு முந்திய அவசரம்.
மேல் லயத்துக்குப் போகும் படிக்கட்டின் அடியில்,
பீலியடியில், குடையோடு நின்றேன்,
காலில் அட்டை ஏறுவது தெரியாமல்.
மேலே கதவு திறக்கும் சத்தம்.
முதுகில் கூடை, ஒரு கையில் சோற்றுப் பெட்டி,
மறு கையில் ரோஷிகா.
பன்னிரண்டு படி. பாசி பிடித்த கல்.

"ஒன்னு," இரண்டு குரலும் சேர்ந்து.
மூடுபனிக்குள் முகம் தெரியவில்லை,
எண்கள் மட்டும் இறங்கி வந்தன.
"அஞ்சு."
"ஆறு."
பிறகு சத்தமில்லை.
பனி விலகிய ஒரு நொடியில் பார்த்தேன்:
தவமலர் மூச்சைப் பிடித்து
மகளை ஒற்றைக் கையால் தூக்கி
உடைந்து தொங்கிய கல்லைத் தாண்டிக் கால் வைத்தாள்.
"எட்டு."

இந்தப் பிள்ளைக்கு ஏழு தெரியும்.
என்னைவிட நன்றாகத் தெரியும்.
கால் வைக்கக் கூடாத இடம் அது.
வாயை மூடிக்கொண்டு
அம்மாவின் கையை இறுக்கிப் பிடிக்கும் இடம்.

படியைத் திருத்தச் சொல்லித் தோட்டத்து ஒப்பீசுக்கு
மூன்று கடிதம் போனதாம்.
மூன்றும் கிடப்பில்.
அடுத்த கூட்டத்தில் படிவம் எதுவும் எடுக்கவில்லை நான்.
சோடா மூடிகளைப் பரப்பி
ரோஷிகா போலவே எண்ணிக் காட்டினேன், துள்ளலோடு.
சிரித்தார்கள்.
மேல் லயத்துக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

ஞாயிறு. கோயில் மதில் கட்டி மிஞ்சிய
அரைமூட்டை சீமெந்து கிடைத்தது.
மரியசூசை மணல் சுமந்தார்.
கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்த
ரோஷிகாவின் அப்பா
தண்ணீர்ப் போத்தலைப் படுக்க வைத்து மட்டம் பார்த்தார்.
பிள்ளைகள் கல் எண்ணிக் கொடுத்தார்கள்,
ஒருவர் கணக்கும் மற்றவர் கணக்கோடு ஒத்துவரவில்லை.
விமலேஸ்வரி வாளி நிறைய பிளேன்டீ கொண்டுவந்தாள்.
அந்தியில் ஈரச் சீமெந்தின் மேல் ஒரு படங்கு விரித்தோம்,
பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி.

திங்கட்கிழமை படிவத்தை எடுத்து
"தெரியாது" என்பதை அடித்தேன்.
பதிலுக்கு என்ன எழுத?
அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

பாயில் சோடா மூடிகள் நகர்ந்தன.
"அஞ்சு. ஆறு."
மூச்சை இழுத்தாள். நானும் இழுத்தேன்.
துள்ளவில்லை.
"ஏழு," என்றாள்,
தூங்குகிறவர் பக்கத்தில் பேசுவது போல.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேன்.

"சத்தம் போடாதீங்க டீச்சர்.
அது இன்னும் காயல."