ஜீப்புக் கம்பி

காலை நாலேமுக்காலுக்கு
இமை இரண்டும் திறக்கவில்லை.
ராத்திரியோடு ராத்திரியாக யாரோ
பசை தடவிவிட்டுப் போனது மாதிரி.
முந்தானையால் தேய்த்துப் பிரித்தேன்.
கண்ணாடியில்
மிளகாய் வத்தல் கிள்ளின கையோடு
கண்ணைக் கசக்கினவள் ஒருத்தி நின்றாள்.

கம்பத்திலிருந்து குமுளிக்கு
ஏலக்காய் எடுக்க ஏறுகிற ஜீப்பில்
பதினாலு பேர்.
வளைவுக்கு வளைவு எல்லாரும் பிடிப்பது
தலைக்கு மேல் ஓடும் ஒற்றைக் கம்பி.

போன வாரம் ஒச்சம்மாளுக்கு வந்திருந்தது.
கசக்கிக்கொண்டே வந்தாள் மலை முழுக்க.
அவள் பக்கம் பார்க்கக் கூடாதென்று
பதிமூன்று பேரும் வெளியே பார்த்தோம்.
பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமாம்.
முகத்தைத் திருப்பினோம்,
கம்பியை விடவில்லை.

இன்றைக்கு நான்.
அவருடைய கூலிங்கிளாசை மாட்டிக்கொண்டு
ஏறிவிட்டேன்.
காய் முற்றி நிற்கிற வாரம்,
கூலி ஐம்பது ரூபாய் கூட.

செக்போஸ்டில்
கோழி லாரியின் டயருக்கு மருந்தடித்தார்கள்.
எங்களைக் கையசைத்து விட்டார்கள்.
லோயர் கேம்ப் வரைக்கும் மெட்ராஸ் ஐ,
அந்தப் பக்கம் போனால் செங்கண்ணு.
எந்த பாஷையில் சொன்னாலும்
இமைக்கு அடியில் அதே மணல்.

கங்காணி வர்கீஸ்
கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்.
"செங்கண்ணாணல்லோ, பொய்க்கோ."

சுகாதார நிலையத்தில் ஷைனி சிஸ்டர்
டார்ச் அடித்துப் பார்த்தாள்.
வலிக்குதா, வெளிச்சம் குத்துதா,
பார்வை மங்குதா?
இல்லை, உறுத்தல்தான், நீர்தான்.
"சளி பிடிச்சா என்ன செய்வே?
அது மாதிரிதான் இதுவும். நாள்தான் மருந்து."
மச்சினன் பையனுக்கு வாங்கிய சொட்டு
பாதி மிச்சமிருக்கிறதே என்றேன்.
கையெடுத்துக் கும்பிட்டாள்.
தூக்கிப் போடு, அதிலே எது கலந்திருக்கோ,
கண்ணுக்கே வினையாகும்.
தாய்ப்பாலும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம்.
மஞ்சளாய்ச் சீழ் கட்டினால் வா.
வலித்தால் அன்றைக்கே வா.

பத்து நாள் கூலியை
எந்தச் சொட்டில் விடுவது என்று
அவளிடம் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு ஆணி,
ஆணியில் ஒரு துண்டு,
ஆறு முகம்.
துண்டை எடுத்து வெந்நீரில் போட்டேன்.
பழைய வேட்டியை ஆறாய்க் கிழித்து
மூலைக்கொரு நிறத்தில் நூல் தைத்தேன்.
எனக்குப் பச்சை.
பூவரசியின் மைடப்பா குப்பைக்குப் போனது.
அவள் ரெண்டு நாள் பேசவில்லை.
கொதித்து ஆறின தண்ணீரில் பஞ்சை நனைத்து
துடைத்துத் துடைத்து எறிந்தேன்.
ஒவ்வொரு தரமும் சோப்பு.
மூன்றாம் நாள் இடது கண்ணும் சேர்ந்துகொண்டது.

விடியக்காலை ஐந்துக்கு
வாசலில் ஹாரன் கேட்கும்.
பழக்கத்தில் நிற்கும்.
பிறகு கியர் மாறும்.

ஆறாம் நாள் செய்தி வந்தது,
பவுன்தாயின் கைக்குழந்தைக்கு.
அன்றைக்கு என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.
நான் பிடித்த இடத்தில்தான்
கூடலூர் வளைவில் அவள் பிடித்தாள்.
போன் போட்டேன்.
கைக்குழந்தை, காத்திருக்காதே,
இப்பவே தேனிக்குக் கொண்டு போ.
உனக்கு எப்படிக்கா தெரியும் என்றாள்.
சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.
கம்பியைச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஏறப் போனேன்.
ஜீப்புக்குப் பின்னால் தண்ணீர் கேன் தொங்கியது,
கிழிந்த சாக்சுக்குள் ஒரு லைஃபாய் துண்டு.
"கழுவிட்டு ஏறுங்க" என்றான் டிரைவர் தங்கமாயன்.
அவன் கண்ணிலும் இன்னும் சிவப்பு ஓரம்.
ஒன்பது பேர்தான் இருந்தோம்.
பவுன்தாயின் இடம் காலி.
குழந்தை முழித்துவிட்டதாம், சிரிக்கிறதாம்,
அவளுக்குத்தான் இப்போது.

ஒச்சம்மாளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.
முதல் தடவையாக
அவள் கண்ணை நேராகப் பார்த்தேன்.
ஓரத்தில் ஒரு மச்சம் இருந்தது.
அவளும் பார்த்தாள்.
என்னடி என்றாள்.

வளைவு வந்தது.
ரெண்டு பேரும் கம்பியைப் பிடித்தோம்,
கை இன்னும் காயாமல்.